யோகாசனமும் உடல் மெலிவும்

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துக்கு ஆனையிறவு என்று பெயர். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற பரவைக் கடலை இவ்விடத்திலே கடந்து குடாநாட்டினுட் புகுந்தன. பின்னர் ஊர்காவற்றுறையில் மரக்கலம் ஏற்றப்பட்டு இந்தியக் கரைகளுக்குச் சென்றன. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னித் தலைவர்கள் செலுத்திய திறையும் யானைகளே. அந்த வாணிகம் மறைந்தபின் ஆனையிறவுக்குப் புகழ் தந்தது உப்பு.

உப்பு விளைவது வெயிலாலும் காற்றாலும் எனினும், அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மனித உடல். பரவைக் கடல் நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி, உவர் முற்றிப் படிகமான பின்னர் நெடிய கைப்பிடியுள்ள பலகையால் வாரிக் குவித்து, கூடையிற் சுமந்து மேட்டிற் கொட்டுவது அத்தொழிலின் முறை. சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இவ்வேலை விடியுமுன்னரே தொடங்கும். குனிவதும் நிமிர்வதும் இழுப்பதும் சுமப்பதுமாக நாள் முழுவதும் கழியும் அவ்வுடலிற் கொழுப்புத் தங்க இடமில்லை. உப்பளத்துத் தொழிலாளர் எவரேனும் உடல் மெலிய வழி தேடினார் என்று கேள்விப்பட்டவர் இரார்.

ஆயினும் அந்த மெலிவை மெச்சிப் பேசுவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வன்னியில் அக்காலத்து உடல் மெலிவுக்கு உழைப்பு மாத்திரம் காரணமன்று. மலேரியாக் காய்ச்சலும் போதாத உணவும் அதிற் பங்குகொண்டன. மெலிந்த உடலெல்லாம் வலிய உடலாகாது. இவ்வேறுபாடு பின்னர் வரும் செய்திகளுக்கும் உதவும்.

1905ஆம் ஆண்டில் வடக்குப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஆனையிறவைக் கடந்த மக்கள் இருக்கையில் அமர்ந்தபடியே கடக்கத் தொடங்கினர். 1956ஆம் ஆண்டு யாழ்தேவி வந்தது. 1990ஆம் ஆண்டு போரின் காரணமாகப் புகையிரதமும் நின்றது, உப்பளமும் நின்றது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் அந்த ஒடுங்கிய நிலத்திலே பெரும் போர்கள் நிகழ்ந்தன. போர் ஓய்ந்தபின் பாதை திருந்திற்று. 2014ஆம் ஆண்டு புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. 2025ஆம் ஆண்டு ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முன்னாளில் நடந்தும் சுமந்தும் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று மேசைமுன் அமர்ந்து தொழில் செய்கின்றனர். மோட்டார்ச் சைக்கிளிற் சென்று வருகின்றனர். வயிறு பருக்கின்றது, நீரிழிவைப் பற்றி வைத்தியர் எச்சரிக்கின்றார். அப்பொழுது எழும் வினா ஒன்று உண்டு: புதிதாக யோகாசனம் பழகினால் உடல் மெலியுமா? உடல் வலுப்பெறுமா? இவ்விரண்டும் ஒரே வினாவைப்போலத் தோன்றினும் இரண்டுக்கும் விடை ஒன்றன்று. அதற்குக் காரணம் யோகத்தின் வரலாற்றிலே இருக்கின்றது.

இப்பகுதி மக்களுக்கு யோகம் என்னும் சொல் புதியதன்று. யாழ்ப்பாணத்து மக்கள் போற்றிய யோகர் சுவாமிகள் துறவு பூணுமுன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்திற் களஞ்சியப் பொறுப்பாளராகப் பணிபுரிந்தவர். 1964ஆம் ஆண்டு அவர் மறையும்வரை கொழும்புத்துறைக் குடிசைக்குச் சென்றவர் எண்ணிலர். எனினும் அவரிடம் சென்றவர்கள் ஆசனம் பயிலச் சென்றாரல்லர். மனம் அடங்கும் வழி கேட்கச் சென்றனர். அவரும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்று வந்தவர். உடலுக்கு உழைப்பைத் தந்தது யாத்திரை. யோகம் என்று வழங்கப்பட்டது வேறொன்று.

பழைய நூல்களும் இதற்கு மாறுபட்டவை அல்ல. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள் உள்ளன. அவற்றில் ஆசனத்தை நேரே பேசுவன மூன்று மாத்திரமே. அங்கே ஆசனம் என்பது அசையாமலும் இடரின்றியும் அமர்ந்திருக்கும் இருக்கை. தமிழில் திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விரித்துரைத்தார். ஆசனங்கள் சிலவற்றையும் கூறினார். உடலை ஓம்புவது உயிரை ஓம்புவதற்காகவே என்பது அவர் கொள்கை. உடலை இகழாது போற்றியவர் அவர் என்பது உண்மை. ஆனால் உடலின் நிறையைக் குறைக்கும் உபாயமாக அவர் ஆசனத்தைக் கூறவில்லை.

கொழுப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் யோக நூலொன்றைத் தேடுவோர் 15ஆம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையிடம் வரவேண்டும். அதில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஹடயோகம் கைகூடியதற்குரிய அடையாளங்களைக் கூறுமிடத்து, முகத் தெளிவு, ஓசைத் தெளிவு, கண்ணின் ஒளி, நோயின்மை, பசித்தீயின் கிளர்ச்சி முதலியவற்றோடு உடல் மெலிவையும் அந்நூல் சேர்த்துக் கூறுகின்றது. ஆகவே யோகத்துக்கும் மெலிவுக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவார் கூற்றும் பொருந்தாது. ஆனால் அங்கே மெலிவு என்பது பயிற்சியின் நோக்கமன்று. வழியில் தோன்றும் அடையாளங்களுள் ஒன்று. ஊருக்குச் செல்பவன் வழியிற் காணும் மைற்கல்லை ஊர் என்று கொள்வதில்லை.

இரண்டாவது செய்தி இன்னும் சுவையானது. மேதசும் கபமும் மிகுந்தவர்கள் பிராணாயாமம் தொடங்குமுன் ஆறு வகைச் சுத்திக் கிரியைகளைச் செய்யவேண்டும் என்றும், மற்றையோர் செய்யவேண்டுவதில்லை என்றும் அந்நூல் விதிக்கின்றது. மேதசு என்பது கொழுப்பு. பருத்த உடலோடு பயிற்சிக்கு வரும் தொடக்கநிலை மாணவன் 15ஆம் நூற்றாண்டிலும் இருந்தான் என்பதும், அவனுக்கும் மற்றவனுக்கும் ஒரே பாடத்தை அக்காலத்து ஆசிரியர் கொடுக்கவில்லை என்பதும் இதனாற் பெறப்படும். இன்று ஐம்பது பேரை ஒரு மண்டபத்தில் நிறுத்தி ஒரே வேகத்தில் ஆட்டுவிக்கும் வகுப்புகளை நோக்க, அந்தப் பழைய ஆசிரியர்கள் விவேகம் மிக்கவராகவே தோன்றுகின்றனர்.

மூன்றாவது செய்தி மிதவுணவு. வயிற்றின் காற்பங்கை வெறுமையாக விட்டு உண்ணவேண்டும் என்பது விதி. உணவில் அளவு மீறுபவனுக்கு யோகம் கைகூடாது என்று அந்நூல் கூறுகின்றது. அளவறிந்து உண்டலைத் திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தார். யோகத்தால் மெலிவு உண்டாயிற்று என்னும் பழைய கூற்றில் ஆசனத்தின் பங்கு எவ்வளவு, இந்தக் காற்பங்கு வெறுமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

ஆசனம் தேகாப்பியாசமாக மாறிய கதை 20ஆம் நூற்றாண்டுக்குரியது. ஐரோப்பியப் பயில்வான் யூஜின் சாண்டோ 1904–05ஆம் ஆண்டுகளில் இந்தியாவிற் சுற்றுப்பயணம் செய்தபோது, உடலை வளர்த்துக் காட்டும் ஆர்வம் இளைஞரிடையே பரவிற்று. 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி தோன்றிற்று. அக்காலத்திலேயே சுதேசப் பயிற்சி ஒன்று வேண்டும் என்னும் எண்ணமும் எழுந்தது. 1918ஆம் ஆண்டு பம்பாயருகே யோகேந்திரர் தமது யோக நிலையத்தை நிறுவினார். 1924ஆம் ஆண்டு லோனாவ்லாவில் குவலயானந்தர் கைவல்யதாமத்தைத் தொடங்கி, உட்டியானம், நௌலி ஆகியவற்றின்போது வயிற்றினுள் உண்டாகும் அமுக்க மாற்றங்களைக் கருவிகளால் அளந்தார். அளந்து பார்க்கவேண்டும் என்னும் துணிவு அவருடையது. அதற்காகவே அவர் பெயர் நிலைக்கத் தகும். ஔந்து சமஸ்தானத்து அரசர் சூரிய நமஸ்காரத்தை எல்லோருக்கும் உரிய பயிற்சியாகப் பரப்பினார். மைசூர் அரண்மனையில் 1930களில் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்கு வேகமும் வலிவும் மிக்க ஆசன வரிசைகளைக் கற்பித்தார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிசும் அவரிடம் கற்றவர்களே. இன்று நகரங்களில் வியர்வை சிந்தச் சிந்தச் செய்யப்படும் யோகப் பயிற்சிகளிற் பல அச்சிறுவர்களுக்கென அமைந்த வரிசைகளின் வழிவந்தவை. நாற்பது வயதிற் பருத்த உடலோடு தொடங்குபவர் அவற்றை முதல் நாளே செய்ய முயன்று முழங்காலையும் இடுப்பையும் வருத்திக்கொள்வதில் வியப்பில்லை. கிருஷ்ணமாச்சாரியார்தாமும் சென்னைக்குக் குடிவந்த பின்னர், வருபவரின் வயதுக்கும் நோய்க்கும் தொழிலுக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றியே கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976ஆம் ஆண்டு நிறுவிய மந்திரம் அம்முறையைத் தொடர்ந்தது.

இலங்கைத் தமிழருக்கு ஆசனப் பயிற்சி வந்த வழிகளுள் முக்கியமானது பத்தமடையிற் பிறந்த சுவாமி சிவானந்தரின் வழி. மலாயாவில் வைத்தியராகப் பணியாற்றியபின் ரிஷிகேசம் சென்று துறவியான அவர், 1936ஆம் ஆண்டு தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். 1950ஆம் ஆண்டு தமது பெரும் சுற்றுப்பயணத்தில் இலங்கைக்கும் வந்தார். கோயமுத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த அவருடைய சீடர் சச்சிதானந்தர் 1953ஆம் ஆண்டு இலங்கை வந்து, திருகோணமலையிலும் கண்டியிலும் தங்கி யோகம் கற்பித்தார். பின்னர் 1966ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற அவரே, 1969ஆம் ஆண்டு உட்ஸ்டொக் இசைவிழாவிற் பல இலட்சம் இளைஞர்முன் தொடக்கவுரை நிகழ்த்தியவர். திருகோணமலையிலிருந்து உட்ஸ்டொக் வரை நீண்ட பாதை அது. சிவானந்தரின் நிழற்படங்களைக் கண்டோர் அறிவர்: அவர் பருத்த மேனியினர். ஆசனங்களைப் பற்றி நூல் எழுதி நாடெங்கும் பரப்பிய ஆசிரியரின் பருமனைக் கண்டு, அவர் யோகியல்லர் என்று எவரும் கருதவில்லை. யோகத்தின் அளவுகோல் தராசு அன்று என்பது அக்காலத்தில் யாவரும் அறிந்ததாகவே இருந்தது.

தராசை உள்ளே கொண்டுவந்தவர்கள் வேறு. மைசூரிற் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்ற இந்திராதேவி என்னும் உருசியப் பெண்மணி 1947ஆம் ஆண்டு ஹொலிவூட் நகரிற் பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார். திரைப்பட நடிகையர் அவரிடம் வந்தனர். அவர் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், அழியா இளமையையும் குன்றா நலத்தையும் தலைப்பிலேயே வாக்களித்தது. இளமை, அழகு, மெல்லிய இடை ஆகியவற்றோடு யோகம் பிணைந்த கதையில் அது ஒரு பெரிய அத்தியாயம். அவரைக் குறைகூற வேண்டுவதில்லை. கேட்டவர்கள் விரும்பியதை அவர் கொடுத்தார். ஆனால் கிழக்கிலிருந்து மேற்கே சென்ற சரக்கு புதிய உறையுடன் மீண்டும் கிழக்கே வந்தபோது, உறையையே சரக்கென்று கொண்டவர் பலர்.

அந்த 1953ஆம் ஆண்டிலேயே இலண்டனில் வேறொரு நூதன ஆராய்ச்சி வெளிவந்தது. ஜெரமி மொரிஸ் என்னும் வைத்தியர், இரண்டடுக்குப் பஸ் வண்டிகளின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சாரதிகளைக் காட்டிலும், படியேறி இறங்கும் நடத்துநர்களிடம் மாரடைப்பு நோய் குறைந்திருக்கக் கண்டார். 1956ஆம் ஆண்டு அவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ஊழியர்களின் சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுகளை ஆராய்ந்தனர். சாரதிகளின் இடுப்பே பெரிது. ஆனால் இளம் சாரதிகளிடத்தும் அப்பருமன் காணப்பட்டது. ஆகவே வேலைதான் உடலைப் பருக்கச் செய்தது என்று முழுவதும் கூற முடியாமற் போயிற்று. காற்சட்டை அளவைக் கொண்டே இத்துணை நுட்பமாக ஐயுற்ற அறிஞரின் நேர்மை, யோகத்தைப் பற்றிப் பேசுவோர்க்கும் வேண்டுவது.

இனி யோகத்தை அந்த அளவுகோலால் அளந்த கணக்கைப் பார்க்கலாம். சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியை ஒன்று என்று கொண்டால், மெதுவாகச் செய்யும் ஆசனப் பயிற்சியிற் செலவாவது இரண்டரை. விரைந்து நடப்பதிற் செலவாவது நான்குக்கு மேல். மண்வெட்டி வேலையும் சுமை தூக்கலும் போன்ற உப்பளத்து உழைப்பு ஐந்தையும் கடக்கும். 2007ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, ஆசனப் பயிற்சிக்குச் செலவாகும் சக்தி மணிக்கு மூன்று கிலோமீற்றர் அளவில் மெல்ல நடப்பதற்கு ஒப்பானது என்று கண்டது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் ஆசனம் செய்தால், சும்மா இருப்பதற்கு மேலாகச் செலவாவது ஏறத்தாழ 90 கலோரி. விரைந்து நடந்தால் ஏறத்தாழ 200 கலோரி. ஒரு கிலோகிராம் கொழுப்பிலே 7,700 கலோரி அடங்கியிருக்கின்றது. உணவை மாற்றாமல் ஆசனத்தை மாத்திரம் நம்பி ஒரு கிலோகிராம் குறைய, நாள்தோறும் ஒரு மணி நேரமாக ஏறக்குறைய 85 நாட்கள் வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு வடையும் சீனி போட்ட தேநீரும் உண்டால் அன்றைய கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

கணக்கு இப்படியாக, மனிதரிடம் சோதித்தவர்கள் கண்டது என்ன? 2016ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், 30 சோதனைகளையும் அவற்றிற் கலந்துகொண்ட 2,173 பேரையும் ஒருங்கே ஆராய்ந்தனர். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது நிறையிலோ கொழுப்பின் வீதத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உடற்பருமன் மிக்கவர்களை மாத்திரம் தனியே பிரித்தபோது, உயரத்துக்கேற்ற நிறைக் குறியீடு, பயிற்சி செய்யாதோரைவிடக் குறைந்திருந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில் வயிறு பருத்த பெண்கள் 60 பேரைக் கொண்டு நடந்த சோதனை, தொடக்கநிலையினருக்கு மிக நெருங்கியது. 12 வாரங்களில், ஒவ்வொன்றும் 90 நிமிடமான 18 வகுப்புகள். பயிற்சி பெற்றவர்களின் இடுப்புச் சுற்றளவு, பெறாதவர்களைவிட 3.8 சென்ரிமீற்றர் கூடுதலாகக் குறைந்தது. இது பெருவியப்பன்று, ஆனால் பொய்யுமன்று. தையற்காரர் காற்சட்டையை ஒன்றரை அங்குலம் பிடிக்கவேண்டும்.

2005ஆம் ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு வேறு வழியிற் சென்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 50 வயது கடந்த பதினையாயிரம் பேருக்கு மேற்பட்டோரை, அவர்களின் 45ஆம் வயது முதல் 55ஆம் வயது வரை நிறை எவ்வாறு மாறிற்று என்று வினவினர். பருத்த உடலினருள் நான்காண்டுகளுக்கு மேல் யோகம் பயின்றோர் சராசரி 5 இறாத்தல் குறைந்திருந்தனர். பயிலாதோர் 13 இறாத்தலுக்கு மேல் கூடியிருந்தனர். ஒரு மணி நேரத்துக்கு 90 கலோரி என்னும் கணக்கு இந்த வேறுபாட்டை விளக்கப் போதாது. உண்ணும்போது உடலின் நிறைவை உணர்ந்து கையை எடுக்கும் பழக்கம் யோகம் பயில்வோரிடம் வளர்கின்றதோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். யோகம் பயில்வோர் இயல்பாகவே உணவில் எச்சரிக்கை உள்ளவராகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் விடை மீண்டும் அந்தக் காற்பங்கு வெறுமையான வயிற்றின் அருகேயே வந்து நிற்கின்றது.

உடல் வலிவு என்னும் இரண்டாவது வினாவுக்கு விடை இதனினும் தெளிவானது. பல மாதங்களாக அமர்ந்தே இருந்தவர் ஆசனம் தொடங்கினால், மூட்டுகளின் நெகிழ்ச்சியும் நிலைதடுமாறாமல் நிற்கும் ஆற்றலும் முதுகின் உறுதியும் சில வாரங்களிலேயே கூடுகின்றன. நெடுநாளைய இடுப்பு வலியிலும் சிறிது நன்மை உண்டு. ஆனால் இதயத்துக்கும் சுவாசப்பைக்கும் வேண்டிய உழைப்பை மெதுவான ஆசனம் தருவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு விதித்த அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பும், இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் ஆகும். அதற்கு நடையோ சைக்கிளோ தோட்ட வேலையோ உடன் வேண்டும். இரத்த அழுத்தம் மிக்கவரும் கண்ணில் அழுத்த நோயுள்ளவரும் தலைகீழாக நிற்கும் ஆசனங்களை வைத்தியரைக் கேளாது செய்தல் ஆகாது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர் யோகத்தை நம்பி மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

மாதமொன்று பயின்று, தராசு அசையவில்லை என்று மனமுடைந்து பாயைச் சுருட்டி வைப்போர் பலர். தராசு அசையாத அதே மாதத்தில் அவர் தரையிலிருந்து கையூன்றாமல் எழக் கற்றிருப்பார்; இரவில் நன்கு உறங்கியிருப்பார். அவற்றை எவரும் எண்ணிக் காட்டாததனால் அவர் கவனிப்பதில்லை. மெலிவு என்னும் விளம்பரத்தால் உள்ளே அழைக்கப்பட்டவர், அது உடனே கிடைக்காதபோது, உண்மையில் கிடைத்ததையும் விட்டுச் செல்கின்றார்.

ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் யூன் 21ஆம் திகதி யோக தினமாகக் கொண்டாடப்படுகின்றது. வடக்கில் அது சோளகம் வீசும் காலம். உப்பு விளையும் காலமும் அதுவே. உப்பு வாரிக் குனிந்த முதுகுக்குப் புஜங்காசனம் நாளின் வளைவை நிமிர்த்தும் ஓய்வு. ஆனையிறவுப் பாதையில் வாகனத்திலே சென்று அலுவலகத்தில் அமரும் முதுகுக்கு அதே ஆசனம் அன்றைய முதல் அசைவு. முன்னவருக்கு அதற்குமேல் உழைப்பு வேண்டுவதில்லை. பின்னவர் ஆசனம் முடித்தபின் அரை மணி நேரம் விரைந்து நடக்கவும், இரவு உணவில் ஓர் அகப்பைச் சோற்றைக் குறைக்கவும் வேண்டியிருக்கும்.